இசைத் தொழிலுக்கு மேக்கா, விண்டோஸா, லினக்ஸா?

கேள்வி கேட்டவர் மூன்று வருடங்களாக விண்டோஸ் லேப்டாப்பில், எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் பொழுதுபோக்காக இசையமைத்து வந்தவர். இனி அதையே தொழிலாக எடுத்துச் செய்யப்போகிறார். புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். "மேக் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்கிறார்கள். மாறித்தான் ஆக வேண்டுமா? லினக்ஸ் இலவசம் என்கிறார்களே, அது தாங்குமா?" என்று கேட்கிறார்.

மேக் இல்லாமலும் நடக்கும். விண்டோஸில் மட்டுமே வேலை செய்து முழுநேரமும் இதிலேயே பிழைப்பவர்கள் ஏராளம். அதற்காக, எல்லா ஓஎஸ்ஸும் (இயங்குதளமும்) ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. முதலில் ஒரு கட்டுக்கதையை ஓரமாக வைத்துவிடுவோம். மேக்கில் சவுண்டு நன்றாக வரும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே மென்பொருள், ஒரே பிளகின் (மென்பொருளோடு சேர்த்துப் போடும் வாத்தியம் அல்லது எஃபெக்ட்), ஒரே செட்டிங் என்றால் கடைசியில் வெளியே வருகிற வேவ் ஃபைலில் காதுக்குத் தெரிகிற மாதிரி எந்த வித்தியாசமும் இருக்காது. வித்தியாசமெல்லாம் வேலை செய்யும்போதுதான்: மைக்கின் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது, நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் திறக்க மறுக்கும்போது.

என்னிடம் யாராவது இதைக் கேட்டால், ஓஎஸ்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் இரண்டு விஷயம் கேட்பேன். உங்கள் கை எந்த மென்பொருளில் பழகியிருக்கிறது? செய்து முடித்ததை யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள்?

புது ஓஎஸ் பழகுவதற்கு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். புது இசைப்பதிவு மென்பொருள் பழகுவதற்கு ஒரு வருடம் ஆகும். ஷார்ட்கட்டெல்லாம் விரலில் ஏறியிருக்கும், அதை அழித்து எழுதுவது சுலபமில்லை. அதனால் மென்பொருள்தான் முதலில், ஓஎஸ் அதன் பின்னால் வரட்டும். கியூபேஸ், ஏபிள்டன் லைவ், புரோ டூல்ஸ், ஸ்டூடியோ ஒன், ரீப்பர் எல்லாம் மேக், விண்டோஸ் இரண்டு பக்கமும் ஓடுகின்றன. பெரிய பெயர்களில் ஒரு பக்கம் மட்டும் நிற்பது லாஜிக் புரோதான். அதுவும் ஒரு காலத்தில் விண்டோஸில் ஓடியதுதான். எமேஜிக் என்ற ஜெர்மன் நிறுவனம் செய்த மென்பொருள் அது. 2002ல் ஆப்பிள் அந்த நிறுவனத்தையே வாங்கியது, கையோடு விண்டோஸ் பதிப்பையும் நிறுத்தியது. விண்டோஸில் லாஜிக் வைத்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எஃப்எல் ஸ்டூடியோவின் கதை நேர் எதிர். 1997ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் விண்டோஸில் பிறந்தது, முறையான மேக் பதிப்பு வர 2018 ஆனது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. எஃப்எல் ஸ்டூடியோ லைசென்ஸ் ஒன்று வாங்கினால் இரண்டு ஓஎஸ்ஸுக்கும் செல்லும். வணிகப் பிளகின்களிலும் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் இலவசமாகக் கிடைத்ததென்று சேர்த்து வைத்திருக்கும் சின்னச் சின்னப் பிளகின்களைக் கொஞ்சம் பாருங்கள், அவற்றில் நிறைய விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டவை. அவற்றை வைத்துச் செய்த புராஜெக்டை மேக்கில் திறந்தால் அந்த இடம் காலியாக இருக்கும். மாறுவதாக இருந்தால் பழைய புராஜெக்டுகளில் என்னென்ன பிளகின் இருக்கிறதென்று ஒரு பட்டியல் எடுத்துவிட்டு மாறுங்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் கறாரானது. நீங்கள் வேலை செய்யப்போகிற இசையமைப்பாளர் லாஜிக் வைத்திருந்து, "புராஜெக்ட் ஃபைலாகவே அனுப்பு" என்று கேட்பவராக இருந்தால் விவாதமே இல்லை, மேக் வாங்குங்கள். மிக்ஸிங்குக்குப் போகிற இடத்தில் புரோ டூல்ஸ் இருந்தால் அது இரண்டு பக்கமும் ஓடும். அங்கேயும் பெரும்பாலும் ஸ்டெம்ஸைத்தான் கேட்பார்கள். எல்லா டிராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்துக் கொடுத்தால் போதும், நீங்கள் எந்த ஓஎஸ்ஸில் செய்தீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. தனியாகவே செய்து, முடிந்த பாட்டைத்தான் கொடுப்பேன் என்றால் இந்தக் கேள்வியையே விட்டுவிடலாம்.

சரி, இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள், இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஓஎஸ் நிஜமாகவே வித்தியாசம் காட்டும் இடத்துக்கு வருகிறோம்: லேட்டன்சி, அதாவது தாமதம்.

பாடகர் மைக்கில் பாடுகிறார். அந்தக் குரல் இன்டர்ஃபேஸுக்குள், அதாவது மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டிக்குள், போய் எண்ணாக மாறி, அந்தப் பெட்டியை ஓஎஸ்ஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் வழியாக இசை மென்பொருளுக்குப் போய், பிளகினில் புகுந்து, திரும்ப அதே வழியில் அவருடைய ஹெட்ஃபோனுக்கு வருகிறது. அந்த எண்களுக்குச் சாம்பிள் என்று பெயர். கம்ப்யூட்டர் அவற்றை ஒவ்வொன்றாகக் கையாளாது. ஒரு கொத்தாகச் சேர்த்துத்தான் கையாளும், அந்தக் கொத்துதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், பஃபர் 128 என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2.7 மில்லிசெகண்ட். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 வைத்தால் 11.6. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, அதோடு கன்வெர்ட்டர் எடுக்கிற நேரம், டிரைவர் சொல்லாமல் வைத்திருக்கிற கூடுதல் பஃபர் எல்லாம் சேரும். அதனால்தான் திரையில் ஒரே 128 காட்டினாலும் ஒரு இன்டர்ஃபேஸில் சட்டென்று வரும், இன்னொன்றில் இழுக்கும்.

எவ்வளவு தாமதம் வரை தாங்கலாம்? காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கிற கிட்டார்காரர் 9 மில்லிசெகண்ட் தாமதத்தோடுதான் கேட்கிறார், அவர் புகார் சொல்வதில்லை. பாடகர் விஷயம் வேறு. அவருடைய குரல் எலும்பு வழியாகவும் அவர் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோனில் வருவது கொஞ்சம் பிந்தினாலும் இரண்டும் மோதிக் குரல் குழாய்க்குள் பாடுகிற மாதிரி கேட்கும். "என்னமோ சரியில்லை" என்பார், என்னவென்று சொல்லத் தெரியாது, சுருதி விலக ஆரம்பிக்கும். இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டரிங் இருந்தால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்தது, குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். கிட்டாரை ஆம்ப் பிளகின் வழியாகக் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கும், கீபோர்டில் பியானோ பிளகினை வாசிப்பதற்கும் அந்தக் குறுக்குவழி உதவாது. அங்கே டிரைவர்தான் கதி.

மேக்கில் இந்த வேலையை கோர் ஆடியோ செய்கிறது. ஓஎஸ்ஸோடு சேர்ந்தே வருவது, மேக்ஓஎஸ் எக்ஸ் காலத்திலிருந்து இருப்பது. யுஎஸ்பி ஆடியோவின் பொது விதிப்படி செய்த இன்டர்ஃபேஸ் என்றால் செருகினால் ஓடும், தனி டிரைவர் வேண்டாம். இரண்டு இன்டர்ஃபேஸை அக்ரிகேட் டிவைஸ் என்று ஒன்றாகக் கட்டவும் முடியும். ஒரே நேரத்தில் பிரவுசரிலும் மென்பொருளிலும் சத்தம் வரும், யாரும் யாரையும் வெளியே தள்ளமாட்டார்கள்.

விண்டோஸில் சத்தம் வரும் வழி முதலில் இசைக்காகப் போட்டதில்லை. எல்லா புரோகிராம்களின் சத்தத்தையும் ஓஎஸ் நடுவில் உட்கார்ந்து கலந்து அனுப்பும், அதில் தாமதம் தாறுமாறாகக் கூடும். அதைச் சுற்றிக்கொண்டு நேராக இன்டர்ஃபேஸோடு பேச 1997ல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்ததுதான் ஏஸியோ. இன்றுவரை விண்டோஸில் தொழில்முறை வேலை என்றால் அதுதான் வழி. ஏஸியோ டிரைவரை எழுதுவது இன்டர்ஃபேஸ் செய்கிற நிறுவனம். ஆர்எம்இ மாதிரி டிரைவருக்கென்றே பெயர் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், பெட்டியை அழகாகச் செய்துவிட்டு டிரைவரை ஏனோதானோவென்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸோடு விண்டோஸ் மேக்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மோசமான டிரைவரோடு அது நரகம். ஏஸியோ4ஆல் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். விண்டோஸின் சாதாரண டிரைவருக்கு மேலே ஏஸியோ சட்டை போட்டுவிடுகிற ஏற்பாடு அது. பயணத்தில், இன்டர்ஃபேஸ் இல்லாத லேப்டாப்பில் சமாளிக்கலாம். தொழிலை அதன்மேல் கட்டாதீர்கள்.

விண்டோஸில் இன்னொரு ஒளிந்திருக்கும் எதிரி உண்டு. வைஃபை, கிராஃபிக்ஸ், ப்ளூடூத், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் இருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்று ஓஎஸ்ஸின் அடிமட்டத்தில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டால் ஆடியோ தன் முறைக்குக் காத்திருக்கும், பஃபர் காலியாகும், "டிக்" என்று ஒரு சத்தம். இதற்கு டிபிசி லேட்டன்சி என்று பெயர். ஒருமுறை குரல் பதிவின் நடுவில் சில நொடிகளுக்கு ஒருமுறை இந்த டிக் வந்தது. பஃபரை ஏற்றினேன், கேபிளை மாற்றினேன், மைக்கைக்கூடச் சந்தேகப்பட்டேன். பாடியவர் மூன்றாவது டீயையும் குடித்துவிட்டார். கடைசியில் லேட்டன்சிமான் என்ற சின்ன மென்பொருளை ஓடவிட்டபோது வைஃபை டிரைவர் சிவப்பில் வந்து நின்றது. வைஃபையை அணைத்தேன், டிக் நின்றது. அப்புறம் எந்த விண்டோஸ் கணினியைத் தொட்டாலும் முதல் வேலை அதுதான்: பதிவின்போது வைஃபை வேண்டாம், பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வை, யுஎஸ்பி போர்ட்டைத் தூங்கவிடாதே. மேக்கிலும் டிக் வராமலில்லை. ஓஎஸ்ஸையும் கணினியையும் ஒரே கம்பெனி செய்வதால் இப்படிப்பட்ட விபத்து அங்கே அரிது, அவ்வளவுதான்.

விண்டோஸ் என்று முடிவு செய்தால் லேப்டாப்பைவிட டெஸ்க்டாப்பையே சொல்வேன். லேப்டாப்பில் இந்த மாதிரித் தொல்லைகள் இரண்டு மடங்கு.

பிராசஸரைப் பற்றி ஒரு வார்த்தை. பதினாறு கோர் இருக்கிறதே, பிறகு ஏன் திணறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு டிராக்கில் வரிசையாக எட்டுப் பிளகின் போட்டால் ஒன்று முடிந்துதான் அடுத்தது ஆரம்பிக்க முடியும், அந்த வரிசை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் சேனலும் அப்படியே. ஆகவே கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். 2020 நவம்பரில் வந்த ஆப்பிளின் எம்1 சிப்பும் அதன் வாரிசுகளும் இதில் கெட்டி, சூடும் குறைவு. மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. மைக்கும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருக்கிற வீட்டு ஸ்டூடியோவில் இது சாதாரண விஷயமில்லை, மெல்லிய குரலைப் பதிவு செய்யும்போது விசிறி பிடித்துக்கொண்டால் தெரியும்.

மெமரியில் கணக்கு திரும்பிவிடும். ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் வாங்கும்போது எவ்வளவு ராம் எடுத்தீர்களோ அதுவேதான் கடைசிவரை. விண்டோஸ் டெஸ்க்டாப்பில் அடுத்த வருடம் காசு வந்ததும் இரண்டு குச்சி சேர்த்துக்கொள்ளலாம். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரிகளை (நிஜ வாத்தியங்களின் ஒலிகளைப் பதிந்து வைத்த தொகுப்புகளை) வைத்து எழுதுபவர்களுக்கு 64 ஜிபிகூடச் சட்டென்று நிறைந்துவிடும். அதனால்தான் அந்த வகை இசையமைப்பாளர்களில் பலர் முன்னால் ஒரு மேக்கை வைத்துக்கொண்டு, சாம்பிள்களை எல்லாம் பக்கத்தில் ஒரு விண்டோஸ் கணினியில் ஏற்றி, வியன்னா ஆன்சாம்பிள் புரோ என்ற மென்பொருள் மூலம் நெட்வொர்க் கேபிளில் இரண்டையும் இணைத்து ஓட்டுகிறார்கள். மேக்கா விண்டோஸா என்று இங்கே சண்டை நடந்துகொண்டிருக்கிறது, அவர்கள் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பாட்டு எழுதுகிறார்கள்.

இனி பலர் வாங்கும்போது யோசிக்காத ஒன்று: பழைய புராஜெக்டைத் திறப்பது. தொழில் என்று வந்துவிட்டால் ஐந்து வருடம் கழித்து ஒருவர் போன் செய்து, "அந்தப் பாட்டில் குரலை மட்டும் எடுத்துவிட்டுத் தாருங்கள்" என்பார். இதில் ஆப்பிள் இரக்கமே இல்லாத கம்பெனி. 2019ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருள்களை ஒரேயடியாக நிறுத்தியது, அதோடு எத்தனையோ பழைய பிளகின்கள் போயின. அடுத்த வருடமே இன்டெல்லிலிருந்து சொந்தச் சிப்புக்கு மாறியது. இன்டெல்லுக்கு எழுதிய பிளகின்கள் ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு வழியாக ஓடின. அந்த ரொசெட்டாவும் பொதுப் பயன்பாட்டுக்கு மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று 2025ல் அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் இதில் நேர்மாறு. இருபது வருடப் பழைய பிளகின்கூட அதில் முனகிக்கொண்டே எழுந்து நிற்கும். அதற்காக விண்டோஸ் சாதுவென்று நினைக்கவேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ ஸ்டூடியோ கணினிகள் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் தகுதி இழந்தன.

நானும் இதில் சூடு பட்டவன்தான். ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, "என்ன ஆகிவிடப்போகிறது" என்று ஓஎஸ்ஸை அப்டேட் செய்தேன். பாட்டின் முதுகெலும்பாக இருந்த சிந்தசைசர் பிளகின் திறக்கவே இல்லை. செய்தவர்கள் புதுப் பதிப்பைத் தர இரண்டு மாதம் ஆனது. அந்தப் பகுதி முழுவதையும் வேறொரு சத்தத்தில் திரும்ப வாசித்தேன், இன்றும் அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு மட்டும் அது பொருந்தாமல் தெரியும். இப்போது மேக்கானாலும் விண்டோஸானாலும் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவைக்கிறேன். பெரிய அப்டேட் வந்தால் நான்கைந்து மாதம் தொடுவதில்லை. பாட்டு முடிந்த அன்றே எல்லா டிராக்கையும் எஃபெக்டோடு ஒரு செட், எஃபெக்ட் இல்லாமல் ஒரு செட் என்று வேவாக எடுத்து வைத்துவிடுகிறேன். எந்த ஓஎஸ் செத்தாலும் வேவ் திறக்கும்.

லினக்ஸுக்கு வருவோம். பத்து வருடத்துக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். அப்போது சாதாரணச் சத்தத்துக்குப் பல்ஸ்ஆடியோ ஒரு பக்கம், இசை வேலைக்கு ஜாக் ஒரு பக்கம் என்று இரண்டையும் சமாதானம் செய்வதே முழுநேர வேலை. இப்போது பைப்வயர் வந்து இரண்டு வேலையையும் ஒன்றே பார்த்துக்கொள்கிறது. நிகழ்நேர வேலைக்காகப் பல ஆண்டுகள் தனி ஒட்டாக இருந்த ப்ரீஎம்ப்ட் ஆர்டி, 2024ல் லினக்ஸின் மையமான கெர்னலில், 6.12 பதிப்பில், உள்ளேயே சேர்ந்துவிட்டது. ரீப்பர், பிட்விக் ஸ்டூடியோ, ஆர்டர் ஆகிய இசை மென்பொருள்கள் நேரடியாக ஓடுகின்றன. பொது விதிப்படி செய்த இன்டர்ஃபேஸ் செருகியதும் வேலை செய்கிறது, லேட்டன்சியும் அருமை. ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸும் ரீப்பரும் போட்டு வெளியிடங்களில் நடக்கும் பதிவுகளுக்கு எடுத்துப்போகிறேன், ஒருமுறைகூடக் காலை வாரியதில்லை.

ஆனால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன். எஃப்எல் ஸ்டூடியோவுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. சாம்பிள் லைப்ரரிகளை வாசிக்கவைக்கும் கான்டாக்ட் கிடையாது, அதாவது உலகத்தில் விற்கிற சாம்பிள் லைப்ரரிகளில் பெரும்பகுதி கிடையாது. ஐலாக் என்ற லைசென்ஸ் பூட்டுப் போட்ட பிளகின்களும் கிடையாது. வைன், யாபிரிட்ஜ் என்ற இடைமென்பொருள்கள் வழியாக விண்டோஸ் பிளகின்களை ஓட்டலாம், பல நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ஓடாமல் போனால் அந்த நிறுவனத்திடம் கேட்க முடியாது, "லினக்ஸுக்கு ஆதரவு இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொந்தப் பாட்டைச் சொந்த வேகத்தில் செய்பவருக்கு அது பரவாயில்லை. அடுத்தவர் அனுப்பும் செஷனை நாளைக்குள் திறந்தாக வேண்டியவருக்கு அது கட்டுப்படியாகாது.

சின்ன விஷயங்கள் இரண்டு சொல்லிவிடுகிறேன். இரண்டு மென்பொருளுக்கு நடுவில் மிடி (எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற குறிப்பு) அனுப்ப மேக்கில் ஐஏசி என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, விண்டோஸில் லூப்மிடி மாதிரி ஒன்றைத் தனியாகப் போட்டுக்கொள்வது வழக்கம். அப்புறம் ஹார்ட் டிஸ்க். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுக்க அது போதும். அதிலேயே நேரடியாகப் பதிவு செய்யாதீர்கள், நடுவில் கேபிள் பிடுங்கிக்கொண்டால் ஃபைல் மொத்தமும் நாசமாக வாய்ப்பு அதிகம்.

உங்கள் விஷயத்தில் என் முடிவு: லாஜிக் கேட்கிற ஆள் யாரும் உங்கள் வட்டத்தில் இல்லையென்றால் விண்டோஸிலேயே இருங்கள், எஃப்எல் ஸ்டூடியோவிலேயே இருங்கள். ஓஎஸ் மாற்றுவதற்கு ஒதுக்கிய காசில் நல்ல டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், மிச்சத்தை ஸ்பீக்கருக்கும், எதிரொலி குறைய அறைச் சுவருக்கும் போடுங்கள். லேப்டாப்தான் வேண்டும், தூக்கிக்கொண்டு அலையவேண்டும், டிரைவர் பஞ்சாயத்தெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லை என்றால் மட்டும் மேக் லேப்டாப் எடுங்கள், ராமை வாங்கும்போதே தாராளமாகப் போட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குள் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே கனமான புராஜெக்டைத் திறந்து, பஃபரை 128ல் வைத்து, ஒரு மைக் டிராக்கைப் பதிவில் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். விண்டோஸ் என்றால் அதற்கு முன் பத்து நிமிடம் லேட்டன்சிமான் ஓடட்டும். பதிவானதை ஹெட்ஃபோனில் முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். வைஃபையை அணைத்தும், டிரைவர்களைப் புதுப்பித்தும் டிக் நிற்கவில்லையென்றால் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடல் எடுங்கள்.